மணப்படகை விசாரிக்கும் ஊர்

டென்மார்க்கின் ஸ்கீவ நகரில் குடியிருந்த தமிழ் ஆண்கள் எவரும், மற்றவருடைய மனைவி எப்போது வருவாள் என்று கேட்பதில்லை. அப்படி ஒரு விதியை யாரும் வகுத்ததில்லை. வகுக்காமலே எல்லோரும் அதைக் கைக்கொண்டார்கள். "ஊரிலை எல்லாரும் சுகமோ?" என்று கேட்கலாம். அந்த 'எல்லாரும்' என்ற சொல்லுக்குள் தாய், தகப்பன், தங்கை, மனைவி, கட்டி வளர்த்த ஆடு எல்லாமே அடங்கிவிடும். "ஓம், சுகம்" என்ற பதிலுக்குள்ளும் அப்படியே அடங்கும். அதற்கு மேல் பேச்சு நீளாது. கலியாணப் படங்கள் சுவருக்கு ஏறவில்லை. பெட்டியில் உடுப்புகளுக்கு அடியில் கிடந்தன. சேர்ந்து சமைக்கும் வேளையில் தொலைபேசி அடித்தால், வீட்டுக்காரன் அதை அறைக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்துவான். மற்றவர்கள் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவைத்து, பாதி விளங்காத டேனிஷ் மொழியில் பன்றி இறைச்சியின் சந்தை நிலவரத்தைக் கவனமாகக் கேட்பார்கள்.

இந்த வழக்கத்துக்கும் ஒரு தொடக்கம் உண்டு. முதலாவது குளிர்காலத்தில் இன்னாசித்தம்பி என்றொருவர், மனைவி அந்த மாதமே வந்துவிடுவாள் என்ற நம்பிக்கையில் பெரிய இரட்டைக் கட்டில் ஒன்று வாங்கினார். எல்லோரும் கூடித்தான் அதை மூன்றாம் மாடிக்குத் தூக்கினார்கள். படிக்கட்டு வளைவில் கட்டில் சிக்கியபோது எத்தனை பகிடி, எத்தனை சிரிப்பு. அதன்பின் எதிர்ப்பட்டவரெல்லாம் கேட்டார்கள், "என்ன, கட்டிலுக்கு ஆள் வந்தாச்சோ?" மாதம் போனது, இன்னொன்றும் போனது. இன்னாசித்தம்பி அந்த அறையைப் பூட்டிவிட்டு வெளியறையின் சாய்கதிரையில் படுக்கத் தொடங்கினார். கடைசியில் கட்டிலை அங்கேயே விட்டுவிட்டு, டோஸ்ட்ருப் என்ற வேறோர் ஊரில் இருந்த சிற்றப்பன் மகனோடு போய்ச் சேர்ந்துகொண்டார். அன்றிலிருந்து கேட்பது கொடுமை என்றாகிவிட்டது. இரக்கத்தில் பிறந்த அவ்வழக்கம் நாளடைவில் அச்சமாக உருமாறியது. இந்த விஷயத்தை வாய்விட்டுக் கதைப்பவனுடைய விண்ணப்பக் கோப்பு அலுவலகத்து அடுக்கின் அடிக்குப் போய்விடும் என்றொரு நம்பிக்கை எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது. சொன்னது யாரென்று எவருக்கும் தெரியாது. நம்பாதவர் மட்டும் எவருமில்லை.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டாம் ஆண்டின் கார்த்திகை. அகதியாக ஏற்கப்பட்டவன் மனைவியை அழைத்துக்கொள்ள டென்மார்க்கின் சட்டம் இடமளித்தது. ஆயினும் மேலிடத்துச் சொல் ஒன்றினால் தமிழருடைய விண்ணப்பங்கள் தொடப்படாமல் கிடந்தன. சில ஆண்டுகளுக்குப் பின்னர் அது வெளிச்சத்துக்கு வந்து, தமிழர் வழக்கு என்று பெயர் பெற்று, ஓர் அரசாங்கத்தையே வீட்டுக்கு அனுப்பியது. ஆனால் அந்தக் கார்த்திகையில், ஸ்கீவவின் ஈரத் தெருக்களில், அதற்குப் பெயரே இல்லை. தன் வீட்டுக் கூரை மட்டும் ஒழுகுகிறது என்றே ஒவ்வொருவனும் நினைத்துக்கொண்டிருந்தான்.

அவர்களில் ஒருவனான ஞானரட்ணத்துக்குத் தன் கூரை ஒழுகுவதன் காரணம்கூடத் தெரிந்திருந்தது. தெரிந்திருப்பதாக அவன் நம்பினான். விண்ணப்பத்தில் கலியாணத் திகதி என்ற இடத்தில் அவன் தாலி கட்டிய நாளை எழுதியிருந்தான். கூட வைத்த பதிவுச் சான்றிதழிலோ பதிவாளர் முன் எழுத்து நடந்த நாள் இருந்தது. யாழ்ப்பாணத்தில் எழுத்து ஒரு நாள், தாலி வேறொரு நாள்; இரண்டும் சேர்ந்துதான் கலியாணம். அதை ஒரு டேனிஷ் அலுவலர் எப்படி அறிவார்? ஒரே பெண்ணை இரண்டு தரம் கட்டியவன் என்றோ, ஒரு தரமும் கட்டாதவன் என்றோ நினைத்திருப்பார். துறைமுகத்தருகே மீன்சாலையில் பெட்டி கழுவும்போதும், எதிர்காற்றில் சைக்கிள் மிதிக்கும்போதும் அந்த இரண்டு திகதிகளும் அவனுக்குள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. பிழையைத் திருத்தச் சொல்வோம் என்று ஒருமுறை, விண்ணப்பத்தை வாங்கிய பொலிஸ் நிலைய வாசல் வரைக்கும் போனான். திருத்தப் போனால் இல்லாத சந்தேகமும் முளைத்துவிடுமோ என்று பயந்து, கதவின் கைபிடியைத் தொட்டுவிட்டுத் திரும்பினான்.

அந்த மாதத்து முதலாவது ஞாயிறு மதியம் கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து தொலைபேசி வந்தது. அவன் மனைவி தவமலரின் தமையன் பாலேந்திரா, ஒரு தொலைத்தொடர்பு நிலையத்திலிருந்து கதைத்தான். தவமலர் அங்கே ஒரு மாமன் வீட்டில் தங்கியிருந்தாள். விசா வந்ததும் ஏறிப்போக வசதி என்றுதான் அவளை யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குக் கூட்டி வந்திருந்தார்கள்.

"மச்சான், ஒரு விஷயம் நேராக் கேக்கிறன். குறை நினைக்கப்படாது."

"கேளுங்கோ."

"நீர் உண்மையிலை விண்ணப்பம் போட்டனீரோ?"

ஞானரட்ணம் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினான். "போட்டது. போட்டு எவ்வளவு காலமாச்சு."

"அப்ப உம்மோடை இருக்கிற மற்றவை? அவையின்ரை பெண்சாதிமார் வந்திட்டினமோ?"

"தெரியாது."

"தெரியாதோ? ஒரே கட்டிடத்திலை இருக்கிறியள். ஒரே சட்டியிலை சாப்பிடுறியள் எண்டு நீர்தானே எழுதினனீர்."

"இஞ்சை அதுகள் கேக்கிறேல்லை."

"இதென்ன மாதிரி ஊரப்பா. பக்கத்து வீட்டுக்காரனிட்டை ஒரு வார்த்தை கேக்கிறதுக்கும் விசா வேணுமோ?" பாலேந்திரா சிரிக்கவில்லை. "இஞ்சை சனம் வேறை கதை கதைக்குது. உமக்கு அங்கை ஒரு வெள்ளைக்காரி இருக்காம். நான் நம்பேல்லை. அம்மா நம்புறா. தவமலர் ஒண்டும் சொல்லுறாளில்லை; அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு."

"அவளிட்டைக் குடுங்கோ."

"குளிக்கிறாள்."

தொலைத்தொடர்பு நிலையத்தில் யாரும் குளிப்பதில்லை என்பது இருவருக்குமே தெரியும்.

"மச்சான்," என்றான் பாலேந்திரா, குரலைத் தாழ்த்தி. "மாமா வீட்டிலை இனியும் வைச்சிருக்கேலாது. தை பிறக்க முன்னம் பாதை திறந்தால் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போயிடுவம். போனால் அதோடை சரி. உமக்கும் வேண்டாம், எங்களுக்கும் வேண்டாம். ஒரேயொரு விஷயம் எனக்குச் சொல்லும். உமக்கு மட்டும்தான் இப்படியோ, இல்லாட்டி அங்கை எல்லாருக்கும் இப்படியோ? எல்லாருக்கும் எண்டால் நான் அம்மாவைச் சமாளிப்பன். உமக்கு மட்டும் எண்டால் நான் என்ன சொல்லுறது?"

தொலைபேசியை வைத்த பிறகும் ஞானரட்ணம் கதவைத் திறக்கவில்லை. வெளியறையில், அதே கட்டிடத்தில் குடியிருந்த கிறிஸ்துநாயகமும் றொபேட்டும் இருந்தார்கள். தொலைக்காட்சி உச்சக் குரலில் கத்திக்கொண்டிருந்தது. கேட்டால் முடிந்துவிடும். கதவுக்கு அப்பால் மூன்று எட்டில் பதில் இருக்கிறது. அவன் கதவைத் திறந்தான். கிறிஸ்துநாயகம் திரும்பிப் பார்த்து, "ஊரிலை எல்லாரும் சுகமோ?" என்றார்.

"ஓம், சுகம்," என்றான் ஞானரட்ணம்.

அவர்கள் டேனிஷ் படித்த மொழிப்பள்ளியில் அவ்வாரம் ஆசிரியை பிர்கிற் ஒரு புதுவேலை கொடுத்தாள். மாதக் கடைசிச் சனிக்கிழமை பிற்பகலில் ஊர்மக்களுக்கு ஒரு நிகழ்ச்சி. மாணவர்கள் தம் நாட்டுத் திருநாள்களைப் பற்றிப் பேச வேண்டும். ஆனால் தன்னுடையதைத் தானே சொல்லக் கூடாது. இருவர் இருவராகச் சேர்ந்து, ஒருவருடையதை மற்றவர் கேட்டறிந்து டேனிஷ் மொழியில் சொல்ல வேண்டும். "பேச எல்லோருக்கும் வரும். கேட்கத்தான் பழக வேண்டும்," என்றாள் பிர்கிற்.

கிறிஸ்துநாயகத்துக்குப் போலந்துக்காரர் ஒருவர் வாய்த்தார். "அவருக்கும் நத்தார், எனக்கும் நத்தார்," என்று அவர் தமிழில் முறையிட்டார். "அவற்றையை நான் சொல்ல, என்ரையை அவர் சொல்ல, சனம் ஒரு யேசுபாலனை ரெண்டுதரம் பிறக்கவைக்கப் போகுது." மன்னார்க்காரரான கிறிஸ்துநாயகம் எதையும் பகிடியாக்கிவிடுவார். அவர் பகிடியாக்காத ஒன்று உண்டென்றால், அது அவர் கதைக்காத ஒன்றாகவே இருக்கும்.

ஞானரட்ணத்தின் பங்குக்கு வந்தவள் ஹிசாக்கோ என்ற ஜப்பான்காரி. கப்பல் இயந்திரம் திருத்தும் டேனிஷ்காரர் ஒருவரை மணந்து, வசந்தத்தில்தான் ஸ்கீவவுக்கு வந்திருந்தாள். இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை டேனிஷ் மொழி மட்டுமே. ஒரு வாக்கியத்தைக் கட்டி முடிக்க இருவரும் சேர்ந்து கல் சுமக்க வேண்டியிருந்தது.

"எங்கள் ஊரில் மணப்பெண்ணுக்குத் திருநாள்," என்றாள் ஹிசாக்கோ.

ஞானரட்ணம் அவசரமாகக் குறுக்கிட்டான். வேறு ஏதாவது திருநாள் இல்லையா என்று கேட்டான். இருக்கிறது, ஆனால் இதுதான் அழகானது என்று அவள் சொல்லிவிட்டாள்.

அவளுடைய ஊர் ஆற்றுமுகத்தில் இருந்தது. தெருக்கள் எல்லாம் வாய்க்கால்கள். கரையோரம் ஊதாப் பூக்கள் பூக்கும் ஆனி மாதத்தில், அந்த ஆண்டு மணம்புரியும் பெண் ஒருத்தி, தலையை மூடிய வெள்ளைப் பட்டு முக்காட்டோடு படகில் ஏறி மணமகன் வீட்டுக்குப் போவாள். கரையில் நிற்பவர்கள் ஒவ்வொரு பாலத்தடியிலும் படகை நோக்கிக் கேட்பார்கள்: "யார் இந்தப் பெண்? எந்த வீட்டுக்குப் போகிறாள்?" மணப்பெண் வாய் திறக்கக் கூடாது. படகோட்டிதான் அவள் பெயரையும் அவள் போகும் வீட்டின் பெயரையும் சொல்ல வேண்டும். கேட்காத பாலத்தடியில் படகு நின்றுவிடும். கேட்ட பிறகுதான் நகரும்.

"ஏன் கேட்கிறார்கள்? அவர்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கேட்க வேண்டும். கேட்பதுதான் மரியாதை."

"எப்படித் தொடங்கியது?"

ஹிசாக்கோ பென்சிலை மேசையில் உருட்டியபடி யோசித்தாள். பிறகு சொல்லத் தொடங்கினாள். முன்னொரு காலத்தில், ஒரு மாலையில், மூடுபனிக்குள் ஒரு மணப்படகு புறப்பட்டது. வழியில் ஒரு மதகு. மதகைத் திறக்க வேண்டாம் என்று காவல்காரனுக்குச் சொல் வந்திருந்தது. யார் சொன்னது, ஏன் சொன்னது என்று அவனுக்கும் தெரியாது. அவன் திறக்கவில்லை, திறக்கவில்லை என்று எவருக்கும் சொல்லவும் இல்லை. படகு பனிக்குள் நின்றது. கரையோரத்து வீடுகளில் ஒவ்வொருவரும், படகு அடுத்த வீட்டைக் கடந்திருக்கும் என்று நினைத்துக் கதவை மூடினார்கள். மணமகன், பெண்ணின் தகப்பனார் மனம் மாறிவிட்டார் என்று நினைத்தான். தகப்பனார், மணமகன் வீட்டார் பெண்ணை மறுத்துவிட்டார்கள் என்று நினைத்தார். இருவருக்கும் வெட்கம். வெட்கத்தால் இருவருமே கேட்கவில்லை.

ஞானரட்ணம் எழுதுவதை நிறுத்தியிருந்தான். "பெண்?"

"மூன்று முடிவுகள் கேட்டிருக்கிறேன். ஒன்றில் அவள் வெள்ளைப் பறவையாகிப் பறந்துவிட்டாள். என் சித்தப்பா சொல்வது, அவள் படகிலிருந்து இறங்கிச் சேற்றில் நடந்து, பிழையான வீட்டுக்குப் போய், அங்கே மணம்முடித்துச் சந்தோஷமாக இருந்தாள் என்று. சித்தப்பா குடிப்பார். என் அம்மா சொல்வது, அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள் என்று. அதனால்தான் அதற்குப் பின் வந்த எல்லாப் படகையும் ஊர் கேட்கிறது."

அவன் தன் கொப்பியில் மதகு என்பதற்கான டேனிஷ் சொல்லை மூன்றாம் தடவையாக எழுதிக்கொண்டிருந்தான் என்பதை ஹிசாக்கோதான் கவனித்தாள். அவனைத் தேற்றுவதற்காகவோ என்னவோ, சிரித்துக்கொண்டே மேலும் சொன்னாள். "என் அப்பா நகரசபையில் வேலை செய்தார். அவர் இதெல்லாம் பொய் என்பார். பழைய காலத்தில் தெரு இல்லை, அதனால் பெண்கள் படகில் போனார்கள். அது திருநாள் இல்லை, பயணம். பிறகு தார்த்தெரு வந்தது, பெண்கள் காரில் போனார்கள். படகோட்டிகளுக்கு வேலை போனது. படகோட்டிகளும் பலகாரக் கடைக்காரர்களும் கூடித் திருநாளைத் தொடங்கினார்கள். கதையைப் பிறகு யாரோ சேர்த்தார்கள்."

"அப்படியானால் நான் எந்தத் தொடக்கத்தைச் சொல்வது?"

"இரண்டையும் சொல். ஒன்று, எப்படித் தொடங்கியது. மற்றது, ஏன் இன்னும் நிற்கவில்லை."

அவள் அதை ஏதோ பேருந்து நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள். ஆனால் ஞானரட்ணத்துக்கு அன்று முழுவதும் வேலை ஓடவில்லை. பெண்கள் நாளும் படகில் வந்துகொண்டிருந்த காலத்தில் அங்கே திருநாள் தேவைப்படவில்லை. வருவது நின்றபின்தான் அது கொண்டாட்டமாயிற்று. அப்படியென்றால் தாங்கள் இங்கே காத்துவரும் மௌனத்துக்கு என்ன பெயர்? அதுவும் ஒருவகைத் திருநாள்தானா? நாள்தோறும் அனுட்டிக்கப்படுவது, எவரும் புத்தாடை அணியாதது, எவரும் எவரையும் அழைக்காதது.

இரண்டு நாள் கழித்து, இடைவேளையில், எல்லோரும் கோப்பிக்கு வரிசையில் நின்றபோது அது நடந்தது. ஊர் விதி அறியாத ஹிசாக்கோ, தன் ஊர் விதிப்படி கிறிஸ்துநாயகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "உங்கள் மனைவி எப்போது வருகிறார்?"

றொபேட் சீனிக் கிண்ணத்துக்குள் எதையோ தேடத் தொடங்கினான். கிறிஸ்துநாயகம் ஒரு கணம் பகிடிக்காகத் தவித்தார், ஒன்றும் அகப்படவில்லை. "விரைவில்," என்றார் டேனிஷ் மொழியில். "விரைவில். கோயில் கலியாணக் கடிதத்தில் ஒரு சின்னப் பிழை. பெயர். அங்கே ஒரு எழுத்து, அரசாங்கக் கச்சேரிப் பதிவில் வேறு எழுத்து. சின்னப் பிழை. என்னுடைய பிழை."

கோப்பிக் குவளை ஞானரட்ணத்தின் கையைச் சுட்டது. அவன் அதைக் கீழே வைக்கவில்லை. சின்னப் பிழை, என்னுடைய பிழை. தன் நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டிருந்த வாசகத்தையே இன்னொருவர் வாயால் கேட்பது, நடுத்தெருவில் தன் சட்டையை வேறொருவன் அணிந்து வரக் காண்பதுபோல இருந்தது.

அந்தச் சனிக்கிழமை ஆனந்தராஜா வீட்டில் சமையல். அங்கிருந்தவர்களில் மூத்தவர் அவர். ஊரில் தபால் அதிபராக இருந்தவர். சண்டைகளைத் தீர்ப்பதும், சோற்றின் பதத்தைத் தீர்மானிப்பதும், பேச்சு எல்லை மீறும்போது இருமுவதும் அவர் பொறுப்பு. மற்றவர்கள் வருமுன்னே ஞானரட்ணம் போய்விட்டான். வாசலில் சப்பாத்து வைக்கும் தட்டில், ஆனந்தராஜாவின் காலணிகளுக்குப் பின்னால், ஒரு சோடிப் பெண்கள் குளிர்காலச் சப்பாத்து, விலைச்சீட்டுக்கூடக் கழற்றப்படாமல் இருந்தது. அவன் முறைப்படி பார்வையை எடுத்துக்கொண்டான்.

"அண்ணை, ஒண்டு கேக்கட்டோ?"

"உப்பைப் பற்றியெண்டால் கேள்," என்றார் ஆனந்தராஜா, கறியைக் கிளறியபடி.

"கிறிஸ்துநாயகம் அண்ணையின்ரை பேப்பரிலையும் ஏதோ பிழையாம்."

ஆனந்தராஜா அடுப்பைத் தணித்தார். "ஆர் சொன்னது?"

"அவரே சொன்னவர். ஜப்பான்காரியிட்டை."

"விசரன். அவள் புருசனிட்டைச் சொல்லுவாள், புருசன் துறைமுகத்திலை சொல்லுவான், துறைமுகத்துக்கும் பொலிசுக்கும் நடுவிலை ஒரு வீதிதான். கதைக்கிறவன்ரை பைல் அடியிலை போகும். எத்தினை தரம் சொல்லுறது?"

"ஒருநாளும் கதைக்காத எங்கடை பைல் இப்ப எங்கை கிடக்கு, அண்ணை?"

ஆனந்தராஜா அவனைப் பார்க்கவில்லை. கரண்டியில் சிறிது குழம்பை எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு, கறி முழுவதையும் குற்றம் சாட்டுபவர்போல முகத்தைச் சுளித்தார்.

"உப்புக் காணாது," என்றார்.

மாதத்து மூன்றாவது ஞாயிறு பாலேந்திரா மீண்டும் எடுத்தான். யாழ்ப்பாணம் போகும் வழியில் கிளிநொச்சிப் பக்கம் பாதை திறந்துவிட்டதாம். ஒரு லொறிக்காரரோடு கதைத்தாகிவிட்டது. இன்னும் எட்டு நாளில், திங்கட்கிழமை புறப்படலாம். "கேட்டனீரோ?" என்றான். "இன்னும் இல்லை," என்றான் ஞானரட்ணம். மறுமுனையில் நீண்ட மூச்சொன்று. "நான் அடுத்த ஞாயிறு ஒருக்கா எடுக்கிறன். அதுதான் கடைசி. தவமலர் சொல்லச் சொன்னவள், உங்களுக்குக் கரைச்சல் எண்டால் கேக்க வேண்டாமாம்."

அந்தக் கடைசிச் சொல்தான் அவனைப் படுக்கவிடவில்லை. அவள் கோபித்திருந்தால் தாங்கியிருப்பான். அவளும் இப்போது இந்த ஊர் விதிக்குக் கட்டுப்பட்டுவிட்டாள்; ஐயாயிரம் மைலுக்கு அப்பால் இருந்துகொண்டே.

நிகழ்ச்சி நாளன்று மொழிப்பள்ளி மண்டபத்தில் மேசைதோறும் மெழுகுதிரி ஏற்றியிருந்தார்கள். ஊர்க்காரர்கள் நனைந்த மழைச்சட்டைகளோடு வந்து, ஏலக்காய் மணக்கும் இனிப்புப் பணிசோடு அமர்ந்தார்கள். பின்வரிசையில் ஆனந்தராஜா, கிறிஸ்துநாயகம், றொபேட், பிராண்டே என்ற ஊரிலிருந்து காரில் வந்த இரண்டு பேர் எல்லோரும் மேற்சட்டை கழற்றாமல், எந்நேரமும் எழுந்து போகத் தயாரானவர்கள்போல இருந்தார்கள்.

முதலில் ஹிசாக்கோ தைப்பொங்கலைப் பற்றிச் சொன்னாள். "இவர்களுடைய நாட்டில் பால் பொங்கி வழிந்தால் எல்லோரும் சந்தோஷப்படுகிறார்கள்," என்றாள். "என் மாமியாருடைய சமையலறையில் அது குற்றம்." மண்டபம் சிரித்தது. மாமியார் முன்வரிசையில்தான் இருந்தார், அவரும் சிரித்தார்.

பிறகு ஞானரட்ணத்தின் முறை. ஹிசாக்கோ ஒரு வெள்ளைப் படுக்கைவிரிப்பை முக்காடாகச் சுற்றிக்கொண்டு கதிரையில் அமர்ந்தாள்; அதுதான் படகு. அவன் அதன் பின்னால் படகோட்டியாக நின்றான். முதலில் ஹிசாக்கோவின் தகப்பனார் சொன்ன தொடக்கத்தைச் சொன்னான்: தார்த்தெரு, வேலையிழந்த படகோட்டிகள், பலகாரக் கடைகள். மக்கள் தலையசைத்தார்கள், அது அவர்களுக்கு நம்பக்கூடியதாக இருந்தது. அதன்பின் மற்றத் தொடக்கத்துக்கு வந்தான். மூடுபனி. மதகு. சொல் வந்திருந்த காவல்காரன். அவனுடைய டேனிஷ் மொழியில் இறந்தகாலம் மட்டும்தான் உறுதியாக இருந்தது. அது இந்தக் கதைக்குப் போதுமாக இருந்தது.

"மணமகன் நினைத்தான், தகப்பனார் மனம் மாறினார் என்று. தகப்பனார் நினைத்தார், மணமகன் வேண்டாம் என்றான் என்று. இருவருக்கும் வெட்கம். இருவரும் கேட்கவில்லை. எல்லா வீட்டிலும் மனிதர்கள் இருந்தார்கள். அவர்களும் கேட்கவில்லை." அவன் நிறுத்தினான். பின்வரிசையில் ஆனந்தராஜா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மதகு மூடியிருந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒருவர் கேட்டிருந்தால் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்."

பிர்கிற் எழுந்து, ஏற்கெனவே பேசிவைத்திருந்தபடி, ஊர்க்காரர்களைப் பாலத்தடிச் சனமாக்கினாள். மண்டபம் முழுவதும் சேர்ந்து கேட்டது: "யார் இந்தப் பெண்? எந்த வீட்டுக்குப் போகிறாள்?"

ஹிசாக்கோ முக்காட்டுக்குள் வாய் மூடி இருந்தாள். சொல்ல வேண்டியவன் படகோட்டி. அவள் ஒரு பெண்ணின் பெயரும் ஒரு வீட்டின் பெயரும் எழுதிக் கொடுத்திருந்தாள். அவன் அவற்றைச் சைக்கிளில் வரும்போதெல்லாம் பாடமாக்கியிருந்தான். இப்போது நாக்கு அவற்றை எடுக்க மறுத்தது. பிர்கிற் புன்னகையோடு கையை உயர்த்த, மண்டபம் இரண்டாம் தடவையும் கேட்டது. இவ்வளவு பேர், இவ்வளவு உரத்து, அந்த ஊரில் அந்தக் கேள்வியைக் கேட்டு அவன் அறிந்ததில்லை.

"என் வீட்டுக்கு," என்றான் டேனிஷ் மொழியில். "அவள் பெயர் தவமலர். அவள் வரவில்லை."

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்தினார்கள். ஹிசாக்கோ முக்காட்டை விலக்கி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கதிரையைச் சுற்றி முன்னால் வந்தான். நாளை ஞாயிறு. நாளை மதியம் அந்தத் தொலைபேசி அடிக்கும். அதற்கிடையில் தனக்கு ஒரு பதில் வேண்டும். அது இந்த மண்டபத்தின் கடைசி வரிசையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லை.

"ஆனந்தராஜா அண்ணை," என்றான் தமிழில்.

ஆனந்தராஜா இருமினார். அதன் பொருள் எல்லோருக்கும் தெரியும். கிறிஸ்துநாயகம் நிமிர்ந்தார். றொபேட் கதவைப் பார்த்தான்.

"அண்ணை, என்ரை மனிசிக்கு இண்டைவரைக்கும் ஒரு பதிலும் வரேல்லை. ஓம் எண்டும் இல்லை, இல்லை எண்டும் இல்லை. நான் திகதி பிழையா எழுதினதாலைதான் எண்டு இவ்வளவு காலமும் என்னையே திண்டுகொண்டிருந்தனான். கிறிஸ்துநாயகம் அண்ணை ஒரு எழுத்துப் பிழையெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறார். றொபேட், நீ என்ன பிழை விட்டனீ எண்டு எனக்குத் தெரியாது. எங்கள் எல்லாரிலையும் ஒரே நேரத்திலை பிழை வருமோ?"

ஆனந்தராஜா மறுபடி இருமினார். இம்முறை கையையும் உயர்த்தி, உட்கார் என்பதுபோல மெல்ல இறக்கினார். டேனிஷ் முகங்கள் ஒன்றும் விளங்காமல், ஆனால் ஏதோ நடக்கிறது என்பது விளங்கி, முன்னும் பின்னும் திரும்பிக்கொண்டிருந்தன. பிர்கிற் குறுக்கே வரவில்லை.

ஞானரட்ணம் மேசைகளுக்கு நடுவே நடந்து கடைசி வரிசைக்கு முன்னால் வந்து நின்றான். கேள்வி வாய்க்கு வந்தபோதுதான் அவனுக்கு உறைத்தது: இத்தனை சனிக்கிழமைகள் அந்த மனிதர் கையால் சோறு வாங்கித் தின்றும், அவர் வீட்டுக்கு வரவேண்டியவளை எப்படிக் குறிப்பிடுவது என்றுகூடத் தனக்குத் தெரியாது.

"அண்ணை, உங்கடை மனிசியின்ரை பேர் என்ன?" என்று கேட்டான். "அவ எப்ப வாறா?"